வாழ்க என்றால் ஒரு வராகன்

மருதவேலி நாட்டை எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம். கடலுக்கும் மலைக்கும் நடுவே அதை வைக்க இடம் போதவில்லை என்று வரைந்தவர்கள் விட்டுவிட்டார்கள். ஆனாலும் அங்கே ஒரு மன்னர் இருந்தார், மந்திரிசபை இருந்தது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலும் இருந்தது. தலைநகரின் குறுக்கே கூழாறு ஓடியது. இந்தப் பக்கம் இக்கரை, அந்தப் பக்கம் அக்கரை. இரண்டையும் சேர்த்து வைத்திருந்த மரப்பாலத்தை ஒரு மழைக்காலத்து வெள்ளம் வேரோடு கொண்டுபோயிற்று.

படகுத்துறை அமைச்சர் கோடிலிங்கனார் நேரில் வந்து பார்த்தார். கண் கலங்கினார். மறுநாளே படகு விட்டார். படகுகள் அவருடைய மைத்துனருக்குச் சொந்தமானவை. ஆறு நிறைந்து ஓடும்போது ஆபத்து என்பதால் கட்டணத்தைக் கூட்டினார்கள். ஆறு வற்றியபோது படகு தரைதட்டுகிறது என்பதால் மறுபடியும் கூட்டினார்கள். பாலம் கட்டித் தரும்படி மனு கொண்டுபோனவர்களிடம், “பாலம் வந்தால் படகோட்டிகள் பட்டினி கிடப்பார்களே, உங்கள் நெஞ்சில் ஈரமில்லையா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

இக்கரையில் மங்காயி என்றொரு பெண் இருந்தாள். கல்யாணத் தரகு அவள் தொழில். ஊரில் பாதிக் குடும்பங்கள் அவள் வாயால் உண்டானவை. அவளிடம் ஒரு நியாயம் இருந்தது: இல்லாத நிறையைச் சொல்லமாட்டாள், இருக்கிற நிறையை விடமாட்டாள். மாப்பிள்ளை குள்ளம் என்றால், “வாசக்கால்ல தலை இடிக்காத பையன்” என்பாள். பெண் ஓயாமல் பேசுகிறவள் என்றால், “அந்த வீட்ல திருட்டுப் பயமே இருக்காது” என்பாள். கேட்பவர்களுக்குக் குறை புரிந்துவிடும். ஆனாலும் சிரித்துக்கொண்டே பாக்கு வெற்றிலை மாற்றிக்கொள்வார்கள்.

பாலம் போனபின் அவள் தொழில் படுத்துவிட்டது. பெண் பார்க்கப் போகும் கூட்டத்துக்குப் படகுக் கட்டணம் கொடுத்தாலே சீர்வரிசைக்கு ஒன்றும் மிஞ்சாது. அதையாவது பொறுத்திருப்பாள். அவளுடைய ஒரே மகள் பூவரசியை அக்கரையில்தான் கொடுத்திருந்தாள். பூவரசிக்கு வலி கண்டது என்று செய்தி வந்த அன்று, மங்காயி இருந்ததையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டு துறைக்கு ஓடினாள். அன்று அமைச்சரின் பிறந்தநாள். படகுகளுக்கெல்லாம் தோரணம் கட்டி ஊர்வலம் விட்டிருந்தார்கள். ஒன்றுகூட ஆளை ஏற்றவில்லை.

மாலையில் அக்கரையிலிருந்து ஒருவன் கையைக் குவித்துக் கத்தினான். “பொண்ணு பொறந்திருக்கு!”

“யாரு சாயலுடா?” என்று இவள் கத்தினாள்.

அவன் ஏதோ சொன்னான். பதிலைக் காற்று கொண்டுபோய்விட்டது.

கரையில் உட்கார்ந்து அழுதவளுக்குத் துணையாக, உப்பு விற்கும் சடையன் தன் மூட்டையை இறக்கிவிட்டு நின்றான். அவனுக்கும் பெண் பார்த்துக் கொடுத்தவள் அவள்தான்.

“ஊருக்கெல்லாம் ஆளு பாத்துக் குடுத்தேன். இந்த ஆத்துக்கு ஒரு பாலம் பாத்துக் குடுக்க முடியலையே, சடையா.”

“தேர்தல் வருது. நீயே நின்னுடேன் அக்கா. ஆத்தங்கரை உறுப்பினர் ஆனாத்தான் பாலத்தப் பத்திச் சபையில பேச முடியுமாம்.”

மங்காயி மூக்கைச் சிந்தினாள். “நின்னுட்டாப் போச்சு. நிக்கறதுக்கு என்ன செலவு?”

அந்தக் கேள்விக்குத்தான் அந்த வருடம் மன்னர் ஒரு சட்டமே போட்டிருந்தார். முந்தைய தேர்தல்களில் கோடிலிங்கனார் வீட்டுக்கு வீடு வேட்டியும் கொலுசும் கொடுத்ததைப் பார்த்துப் பக்கத்து நாட்டு மன்னர்கள் சிரித்தார்களாம். வெட்கப்பட்ட மன்னர் சாந்தவழுதி, தேர்தல் தூய்மைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வேட்பாளரும் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், வரவுக்கும் செலவுக்கும் கணக்கு காட்ட வேண்டும், ஆயிரம் வராகனுக்கு மேல் செலவு செய்தால் போட்டியிலிருந்து விலக்கப்படுவார். பறையறைந்து இதைச் சொன்னபோது மக்கள் மகிழ்ந்தார்கள். சட்டத்தை எழுதிக் கொடுத்தவர் கோடிலிங்கனார் என்பதைப் பறையறிவிப்பில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

சட்டத்தைக் காக்க நியமிக்கப்பட்ட தூய்மை அதிகாரியின் பெயர் சத்தியவாகீசர். மெலிந்த, உயரமான மனிதர். வாழ்நாளில் ஒரு விதியையும் மீறாதவர்; யாராவது மீறினால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். மங்காயியும் சடையனும் அவர் முன்னால் போய் நின்றார்கள்.

“வேட்பாளராகப் பதிவு செய்ய விழைபவர், தேர்தல் நிதிக்கெனத் தனிப் பெட்டியொன்றைக் கருவூலத்தில் முத்திரையிட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்” என்றார் அதிகாரி.

“எங்கிட்டப் பணமே இல்லைங்க ஐயா. பெட்டி எதுக்கு?”

“பணம் இல்லை என்பதை எங்கே வைத்திருப்பீர்கள்?”

மங்காயி யோசித்தாள். “மடியிலதான்.”

“அது செல்லாது. இல்லாத பணமும் ஓரிடத்தில் முறையாக இருந்தாக வேண்டும். தவிர, பெட்டியைக் காக்கப் பொருளாளர் ஒருவர் வேண்டும். வேட்பாளரே பொருளாளராக இருத்தல் கூடாது. தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ள வாய்ப்புண்டு.”

சடையன் பொருளாளரானான். வெறும் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் நடப்பதே அவனுக்கு வேலையாயிற்று. பெட்டி கனமான தேக்கு. அதற்கு முத்திரைக் கட்டணம் கட்ட மங்காயி தன் மூக்குத்தியை விற்றாள்.

அதே நாளில் கோடிலிங்கனாரும் பதிவு செய்ய வந்தார். யானைமீது வந்தார், முன்னால் நாதஸ்வரம், பின்னால் பூமாரி. சத்தியவாகீசர் எழுத்தாணியை எடுத்தார்.

“அமைச்சர் பெருமானே, இந்த யானைச் செலவைத் தங்கள் கணக்கில் சேர்க்கலாமா?”

“யானை அரசாங்க யானை. அது இந்தப் பக்கம் நடைப்பயிற்சிக்கு வந்தது. நான் அதன்மேல் இருந்தது தற்செயல்.”

“நாதஸ்வரம்?”

“யானைக்குப் பிடிக்கும்.”

சத்தியவாகீசர் விதிகளைப் புரட்டிப் பார்த்தார். தற்செயலுக்குக் கட்டணம் இல்லை. பெருமூச்சு விட்டு, எழுத்தாணியைக் கீழே வைத்தார்.

பிரச்சாரம் தொடங்கியது. கோடிலிங்கனாரின் மைத்துனர் தன் மகனுக்குக் காதுகுத்து வைத்தார். ஊரே வந்து உண்டது. மறுநாளும் காதுகுத்து நடந்தது. முதல் நாள் ஒரு காது விட்டுப்போயிற்றாம். மூன்றாம் நாள் துளை சரியாக விழவில்லை. அந்தப் பையன் தேர்தல் முடியும்வரை காதைப் பொத்திக்கொண்டே திரிந்தான். பந்தியில் யாரும் அமைச்சரின் பெயரை உச்சரிக்கவில்லை. “படகுத்துறை வாழ்க” என்று மட்டும் சொன்னார்கள். துறை போட்டியிடவில்லை, ஆகவே அந்த விருந்தும் கணக்கில் வரவில்லை.

மங்காயி வெயிலில் நடந்தாள். அவள் கட்டிவைத்த வீடுகளே தெருத்தெருவாக இருந்தன. ஒரு வாசலில் ஒருத்தி ஒரு குவளை மோர் கொடுத்தாள். மங்காயி குடித்து முடிக்கும்முன்னே, தூய்மை அதிகாரியின் ஆட்கள் வேலிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார்கள். மோருக்கு விலை போட்டு மங்காயி கணக்கில் எழுதினார்கள். மோர் கொடுத்தவளிடம், “நன்கொடையாளராகப் பதிவு செய்துகொண்டாயா? உன் பசு யாருடையது? பசுவுக்குப் புல் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார்கள். அவள் பதில் சொல்லத் தெரியாமல் அபராதம் கட்டினாள். அடுத்த நாள் மங்காயி போன தெருவில் கதவுகள் தாமாகவே சாத்திக்கொண்டன.

ஆனாலும் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து, “நீ ஜெயிக்கணும் மங்காயிக்கா!” “மவராசி நல்லா இருக்கணும்!” என்று குரல்கள் வந்துகொண்டேயிருந்தன. இது கோடிலிங்கனாரின் காதுக்குப் போயிற்று. அவர் மன்னரிடம் போய், தூய்மையில் இன்னும் ஓட்டை இருக்கிறது என்று வருந்தினார். இரண்டாம் ஆணை பிறந்தது.

பறையடிப்பவன் அதை மூச்சுப்பிடித்து வாசித்தான்: “நல்வார்த்தையும் நன்கொடையே! ஒரு வேட்பாளரின் பெயர் சொல்லி வாழ்த்தினால் வாழ்த்துக்கு ஒரு வராகன். பட்டம் சேர்த்து வாழ்த்தினால் பட்டத்துக்குத் தனியாக ஒரு வராகன். கையசைத்தால் அரை வராகன். பல் தெரியச் சிரித்தால் கால் வராகன். தொகை முழுவதும் அந்த வேட்பாளரின் செலவில் சேரும். பதிவு செய்த நாளிலிருந்தே இது செல்லும்!”

ஊரின் முகமே மாறிப்போயிற்று. மங்காயி எதிரில் வந்தால் ஆட்கள் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். வழக்கமாகச் சிரித்துப் பழகியவர்கள் வாயில் துணியைத் திணித்துக்கொண்டார்கள். பல்லில்லாத கிழவர்கள் மட்டும் அவளைப் பார்த்துத் தாராளமாகச் சிரித்தார்கள். சட்டத்தில் அவர்களுக்குத் தடையில்லை. ஆனால் பழைய வாழ்த்துகளையெல்லாம் கூட்டியதில் மங்காயியின் செலவு வரம்பைத் தொட்டு நின்றது. சத்தியவாகீசர் அவளை அழைத்துச் சொன்னார்.

“அம்மையே, இனி ஒரே ஒரு நல்வார்த்தை தங்கள்மீது விழுந்தாலும் தாங்கள் போட்டியிலிருந்து விலக்கப்படுவீர்கள். எச்சரிப்பது என் கடமை.”

அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவள் உட்கார்ந்தாள். பேத்தி பிறந்து மாதங்கள் ஆகியிருந்தன. பிறந்தநாள் ஊர்வலச் செலவை ஈடுகட்ட மறுநாளே கூட்டிய படகுக் கட்டணம் அவளுக்கு எட்டவில்லை. குப்புற விழுந்திருக்கும், தவழ்ந்திருக்கும், எல்லாம் அக்கரையில். ஆறு அங்கிருந்தே தெரிந்தது. அகலம்கூட அவ்வளவு இல்லை. வெயில் காய்ந்தால் அக்கரையில் உலர்த்திய சேலைகளின் நிறம் தெரியும்.

“கலங்காத அக்கா” என்று சடையன் பெட்டியை இறக்கினான். “உன்ன மாதிரி ஒரு நல்ல…”

மங்காயி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். கையை எடுக்காமலே அவள் ஆற்றைப் பார்த்தாள், அலுவலகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

“ஐயா, ஒரு சந்தேகம். இந்தச் சட்டம் எனக்கு மட்டுமா, அமைச்சருக்குமா?”

சத்தியவாகீசர் புண்பட்டுப்போனார். “சட்டத்தின்முன் அனைவரும் சமம், அம்மையே!”

“அவரு கேக்காமலே யாராச்சும் அவரப் புகழ்ந்தா?”

“கேட்டாலும் கேளாவிட்டாலும், புகழப்பட்டவர் கணக்கிலேயே சேரும்.”

“புகழ்றவங்களுக்கு ஏதும் தண்டனை?”

“பொருள் கொடுத்தால்தான் பதிவு வேண்டும். சொல் கொடுப்பவருக்குத் தண்டனை ஏதும் இல்லை.”

“நல்ல சட்டம்ங்க” என்றாள் மங்காயி. சட்டம் வேட்பாளர் அல்ல என்பதால் அந்தப் பாராட்டை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அன்று மாலைக்குள் அவள் கட்டிவைத்த வீடுகளுக்கெல்லாம் செய்தி போயிற்று. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: “பொய் சொல்லக் கூடாது. இருக்கறதத்தான் சொல்லணும். வரன் சொல்ற மாதிரி சொல்லணும்.”

மறுநாள் காலை சந்தையில் முதல் குரல் சடையனுடையது. “எங்கள் அமைச்சர், ஆற்றங்கரைச் சிங்கம், வெள்ளம் கண்ட வேந்தர், கோடிலிங்கனார் வாழ்க!”

தூய்மை ஆள் ஒருவன் திடுக்கிட்டுத் திரும்பினான். வாழ்த்து ஒன்று, பட்டம் இரண்டு. எழுதிக்கொண்டான். எழுதி முடிப்பதற்குள் மீன் விற்பவள் தொடங்கினாள்: “எங்களையெல்லாம் நீச்சல் பழக வைத்த வள்ளல் கோடிலிங்கனார் வாழ்க!” அவளுக்குப் பின்னால் புளிக்கடைக்காரர்: “மாமியாரையும் மருமகளையும் தனித்தனிக் கரையில் வைத்துக் குடும்பச் சண்டை தீர்த்த குலவிளக்கு கோடிலிங்கனார் வாழ்க!” அதற்கப்புறம் யார் எவர் என்று பார்க்க முடியவில்லை. சந்தை முழுக்கப் பொங்கிவிட்டது. இத்தனை நாள் துணி திணித்திருந்த வாய்கள் எல்லாம் பல் தெரியச் சிரித்தன. அக்கரையும் கேட்டுவிட்டுத் திருப்பிக் கத்தியது: “பேத்தி முகத்தைக் கனவிலே காணவைத்த கருணைக்கடல் கோடிலிங்கனார் வாழ்க!” அது பூவரசியின் குரல் என்று மங்காயிக்குத் தெரிந்தது. அவள் மட்டும் அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசாமல் ஓரமாக நின்று, சிரிப்பும் கண்ணீருமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தகவல் கிடைத்தபோது கோடிலிங்கனார் முதலில் நெகிழ்ந்துபோனார். “மக்கள் என்னைப் புரிந்துகொண்டார்கள்” என்று மைத்துனரிடம் சொன்னார். மைத்துனர் கணக்கில் கெட்டிக்காரர். அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டியதும் அமைச்சர் செருப்பும் போடாமல் சந்தைக்கு ஓடிவந்தார்.

“நிறுத்துங்கள்! யாரும் என்னைப் புகழக் கூடாது!”

“என்ன அடக்கம்! தன்னடக்கத் தலைவர் கோடிலிங்கனார் வாழ்க!” என்றது கூட்டம்.

“என்னைத் திட்டுங்களய்யா!” என்று மடியிலிருந்த காசை அள்ளி இறைத்தார். “திட்டுகிறவனுக்குப் பத்துக் காசு!”

பக்கத்தில் நின்ற தூய்மை ஆள், “வாக்காளருக்குப் பணம், திட்டுவதற்காக” என்று எழுதி, அதையும் செலவில் சேர்த்தான். அமைச்சர் காவலர்களை ஏவினார். புகழ்ந்தவர்களைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். சிறையில் கூழ் ஊற்றினார்கள். “கூழ் வார்த்த கொடைவள்ளல் கோடிலிங்கனார் வாழ்க” என்று சிறை அதிர்ந்தது. அதைக் கணக்கெடுக்கத் தனி ஆள் போடவேண்டியதாயிற்று.

இருட்டும் முன் அமைச்சர் சத்தியவாகீசரின் அலுவலகத்துக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்.

“எழுதியதையெல்லாம் அழித்துவிடும்.”

சத்தியவாகீசருக்கு ஏற்கெனவே லேசாகக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் எழுந்து நின்றார். “பெருமானே, அன்று ஒரு குவளை மோரை எழுதினேன். அதை இன்றுவரை அழிக்கவில்லை. இதையும் அழிக்க இயலாது.”

“உம்மை இந்த நாற்காலியில் உட்காரவைத்தது யார் தெரியுமா?”

“தாங்கள்தான். விதி பிறழமாட்டேன் என்று நம்பி உட்காரவைத்தீர்கள். நம்பிக்கையைக் காப்பாற்றுகிறேன்.”

சொல்லி முடித்தபோது தன் காய்ச்சல் இறங்கியிருந்ததை அவர் உணர்ந்தார்.

கோடிலிங்கனார் போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். மன்னருக்குச் செய்தி போனபோது, “நாடே புகழும் ஒருவரையா விலக்கினீர்கள்?” என்று கேட்டார். “ஆம் மன்னா, அதற்காகத்தான்” என்றார் சத்தியவாகீசர். தன்னை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை என்பது மன்னருக்கு நினைவு வந்தது. “சட்டம் நல்ல சட்டம்” என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

போட்டியில் மிஞ்சியவள் மங்காயி ஒருத்திதான். ஆற்றங்கரை உறுப்பினராக அவள் அறிவிக்கப்பட்டாள். சபையில் முதல் நாளே எழுந்து, “பாலம் வேணும்” என்றாள். அவள் பேச்சு முழுவதும் அவ்வளவுதான். கருவூலத்தில் பணமில்லை என்று நிதி அமைச்சர் இதைவிட நீளமாகப் பதில் சொன்னார்.

அப்போது வேறொரு அமைச்சர் எழுந்தார். “இந்தப் பெண்மணியின் கணக்கில் ஏறத்தாழ ஆயிரம் வராகன் செலவு இருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தோம். உள்ளே ஒரு கரப்பான்பூச்சிதான் இருந்தது. வராத பணத்தை இவர் எப்படிச் செலவு செய்தார்? பணமில்லாமல் தேர்தலில் வென்றவர் இந்நாட்டு வரலாற்றில் இல்லை. ஆகவே இது குற்றமாகத்தான் இருக்க வேண்டும்.”

சபை கைதட்டியது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தேர்தல் செலவில் நாட்டிலேயே அதிக அனுபவம் உள்ளவர் என்பதால் கோடிலிங்கனார் குழுவின் தலைவரானார். விதி பிறழாதவர் என்பதால் சத்தியவாகீசர் செயலரானார். சாட்சிகள் இரு கரையிலும் இருந்தார்கள். குழுவினர் பல்லக்கில் போகிறவர்கள். பல்லக்கு படகில் ஏறவில்லை. ஒருமுறை ஏற்றிப் பார்த்தார்கள், ஒரு முன்னாள் அமைச்சர் நனைந்தார். மறுநாளே கருவூலத்தில் பணம் கிடைத்தது. குழு போய்வரக் கூழாற்றின்மேல் கல்பாலம் கட்ட ஆணை பிறந்தது. ஒப்பந்தம் கோடிலிங்கனாரின் மைத்துனருக்குக் கிடைத்தது. பாலத்துக்குக் கோடிலிங்கனாரின் பெயரும் கிடைத்தது. இப்போது அவர் வேட்பாளர் அல்லவே.

பாலத்தின்மேல் முதலில் நடக்கும் பேறு குற்றம் சாட்டப்பட்டவளுக்கு வாய்த்தது. விசாரணை அக்கரையில் தொடங்குவதாக அழைப்பாணை வந்திருந்தது. மங்காயி பாதிப் பாலம்வரை மரியாதையாக நடந்தாள். அதற்குமேல் ஓடினாள். எதிர்ப்பக்கம் பூவரசி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். குழந்தை புது ஆளைக் கண்டு முகத்தைச் சுளித்தது.

“யாரு சாயலு தெரியுதாம்மா?” என்றாள் பூவரசி.

மங்காயி வாங்கிப் பார்த்தாள். “உங்க அப்பன் மூக்கு. மத்ததெல்லாம் நான்” என்றாள். குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டாள். குழு காத்திருக்கிறது என்று சேவகன் இரண்டுதரம் வந்து கூப்பிட்டுவிட்டுப் போனான்.

பாலத்தால் ஊர் பிழைத்தது. உப்பு அக்கரை போயிற்று, நெல் இக்கரை வந்தது, நின்றுபோன கல்யாணங்கள் நடந்தன. ஆனால் ஆணையின் கடைசி வரியை ஒருநாள் சத்தியவாகீசர் மங்காயியிடம் தனியாக வாசித்துக் காட்டினார். அவர் குரல் இறங்கியிருந்தது. ‘பாலம் விசாரணை நடக்கும் காலத்துக்கு மட்டும். விசாரணை முடிந்த அன்றே அது கலைக்கப்பட்டு, கற்கள் ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்கப்படும்.’

“அறிக்கை அநேகமாகத் தயார், அம்மையே. தங்கள்மீது குற்றம் இல்லை என்றே முடிகிறது. எழுதியது நான்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.”

மங்காயி அன்றிரவு தூங்கவில்லை. காலையில் குழு கூடியது. கோடிலிங்கனார் முத்திரையைக் கையில் எடுத்தார். “இனிச் சாட்சி எவரும் உண்டா?” என்று வழக்கப்படி கேட்டார்.

அக்கரைக் கிழவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். “ஒரு விஷயம்ங்க. தேர்தலுக்கு முன்னாடி எனக்கு ஒரு கனவு வந்துச்சு. அதுல யாரோ ஒருத்தர் மங்காயி கையில ஒரு பொற்கிழியக் குடுத்தாருங்க.”

சத்தியவாகீசர் மங்காயியைப் பார்த்தார். பிறகு, வாழ்வில் முதன்முறையாக, விதியில் இல்லாத ஒரு கேள்வியைத் தாமாகவே எழுப்பினார்.

“பெரியவரே, அந்தப் பணம் உள்நாட்டுப் பணமா, வெளிநாட்டுப் பணமா?”

“இருட்டா இருந்துச்சுங்க. சரியாத் தெரியல.”

கோடிலிங்கனார் முத்திரையைக் கீழே வைத்தார். அவருக்கும் குழுத் தலைவர் சம்பளம் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. “இது மிகவும் கடுமையான விஷயம். ஆழமாக ஆராய வேண்டும்” என்றார். கனவை விசாரிக்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. அடுத்த வாரம் இன்னும் ஆறு பேருக்குக் கனவு வந்தது. இப்போது இரு கரையிலும் முறைவைத்துக்கொண்டு கனவு காண்கிறார்கள்.

விசாரணை இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது, பாலமும் நின்றுகொண்டிருக்கிறது. ஒரு விசாரணைக் குழு முடிவே எட்டாமல் இருப்பதால் மக்கள் நன்மை அடைந்த நாடு, எனக்குத் தெரிந்தவரை, மருதவேலி ஒன்றுதான். மற்ற நாடுகளில் எப்படியோ, அங்கே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.